திருப்பிப் போட்ட கட்டில்

அந்தத் தீவில் என் வேலை, செத்தவர்களைப் பார்க்கிறவர்களைப் போய்ப் பார்ப்பது. கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால், புயலுக்குப் பிறகு மனம் கலங்கிப் போனவர்களுக்கு உதவ அனுப்பப்பட்ட வெளிநாட்டுத் தாதி. தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் பல வருஷம் தாதியாக இருந்தேன். எங்கள் பேராக் மாநிலத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆட்கள் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டிச் சிரிப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பெண் பார்க்க யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஐம்பதை நெருங்கும்போது வேலையை விட்டு, ஒரு நிவாரணக் குழுவில் சேர்ந்து, கரீபியன் கடலில் இருக்கும் அந்தச் சின்னத் தீவுக்குப் போனேன்.

கிராமம் கடலை ஒட்டிய ஒரு சரிவில் இருந்தது. புயல் பிய்த்துக்கொண்டு போன கூரைகளின் இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய்களும் வெளுத்து, ஓரம் கிழிந்து, நாள் முழுக்கப் படபடத்துக்கொண்டிருந்தன. காலையில் அந்தச் சத்தத்தில்தான் விழிப்பேன். கறுப்புக் காப்பி குடித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவேன். ஒவ்வொரு வீட்டிலும் படியில் உட்கார்ந்து அதே கேள்விகள்: தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா, குரல் கேட்கிறதா.

எங்கள் வார்டில் கடைசி இரண்டுக்கும் ஆமாம் என்று சொன்னால் மாத்திரை நிச்சயம். இங்கே எல்லோரும் ஆமாம் என்றார்கள். வீட்டில் மின்சாரம் வந்துவிட்டதா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வார்களோ அப்படிச் சொன்னார்கள். ஒரு மீனவர், புயலில் மனைவியைப் பறிகொடுத்தவர், நான் கேட்டதும் சங்கடமாக நெளிந்தார். அவள் வழக்கமாக உட்காரும் படியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா என்று கேட்டார். தள்ளி உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது.

ஒரு மாதத்தில் என் கேள்விகளை நானே மாற்றிக்கொண்டேன். செத்தவர் வந்து போகிறாரா என்று கேட்பதை விட்டேன். வந்தவர் இவரைச் சமைக்க விடுகிறாரா, குளிக்க விடுகிறாரா, அடுத்த வீட்டுக்காரரோடு பேச விடுகிறாரா என்று கேட்டேன். விடுகிறார் என்றால் நோயில்லை. தலைநகரில் இருந்த எங்கள் குழுத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. போனில் நீளமாகப் பேசினார். வந்து நீங்களே இந்தப் படியில் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் வரவில்லை.

நான் தங்கியிருந்தது ஒரு கடைக்கார அம்மாளின் வீட்டுப் பின்னறையில். முன்பக்கம் கடை: மண்ணெண்ணெய், உப்புமீன், சோப்பு, குளிர்ந்த மால்ட் பானம். பெரிய உருவம், பெரிய குரல், கோபம் வந்தால் கடையை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள். அவள் கணவர் நேர் எதிர். நாள் முழுக்க வாசலில் டோமினோ விளையாடுவார், பேச்சே கிடையாது. அவள் தணலில் சுடும் காயைப் பார்த்து நான் கத்தியேவிட்டேன். நம் ஊர் சுக்குன், ஈரப்பலா. கீரையும் நம் பாயாம் கீரைதான், பெயர் மட்டும் வேறு. உப்புமீன் காயும் வாசம் சித்தியவான் கடற்கரைக்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஈப்போவிலிருந்து கொண்டுபோன காய்ந்த மிளகாயைப் போட்டு அந்தக் கீரையை ஒரு நாள் வதக்கிக் கொடுத்தேன். கடைக்கார அம்மாள் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் தட்டை நீட்டினாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவள் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த ஊரில் ஒருவர் இறந்தால் ஒன்பது இரவு ஆட்கள் அந்த வீட்டில் கூடுவார்கள். பாட்டு, பிரார்த்தனை, ரம், பொரித்த மீன், மேசை அதிர டோமினோ. ஒன்பதாவது இரவு ஏதோ முக்கியம் என்று தெரியும், என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கு மலைக்கு அந்தப்பக்கம் வேலை. மறுநாள் காலையில்தான் திரும்பினேன். வீட்டில் யாரும் இல்லை. கடைக்கார அம்மாள் தங்கை வீட்டுக்குத் தூங்கப் போயிருந்தாள்.

அவர்கள் படுக்கையறையைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதைத்தது. கட்டில் வாசலுக்குக் குறுக்கே கிடந்தது. அலமாரி சுவரைப் பார்த்து நின்றது. மெத்தை புரட்டிப் போட்டிருந்தது. குடித்துவிட்டு ஆடியவர்கள் வீட்டைக் கலைத்துப்போட்டுப் போய்விட்டார்கள், புருஷனை இழந்தவள் வந்து இதையெல்லாம் ஒதுக்க வேண்டுமா என்று எனக்கு ஒரே ஆத்திரம். வார்டுக் கட்டில்களை வருஷக்கணக்காக இழுத்த கை. எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அவர் செருப்பை மூலையிலிருந்து எடுத்து, எப்போதும் இருக்கும் இடத்தில், கட்டிலடியில் ஜோடியாக வைத்தேன். தரையையும் துடைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்க் குளித்தேன்.

மத்தியானம் கடைக்கார அம்மாள் வந்தாள். கதவு நிலையிலேயே நின்றுவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ பெண்ணே, அவருக்கு வீட்டை அடையாளம் காட்டிக் கொடுத்துட்டியே,” என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். ஒன்பது இரவு செத்தவர் வீட்டிலேயே சுற்றுவார். ஒன்பதாவது இரவு அவருக்கு விடை கொடுத்து, அறையை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால், இது நம் வீடில்லை என்று நினைத்துப் போய்விடுவார். அன்று சாயங்காலமே ஊர் மறுபடியும் கூடியது. யாரும் கேள்விப்படாத பத்தாவது இரவு. அலமாரியை என்னையே தள்ளச் சொன்னார்கள். சிலர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்; சிலர் சிரிக்கவே இல்லை. அதற்குப் பிறகு பல வாரம், நான் டோமினோ மேசையைக் கடந்து போனால், எங்கள் வீட்டையும் வந்து ஒதுக்கிவிடாதே அம்மா என்று கேலி கேட்கும்.

எங்கள் ஊர் வழக்கத்தை அவளிடம் சொன்னேன். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களைக் கூப்பிட்டு இலை போடுவோம், அவர்களுக்குப் பிடித்த ஆட்டுக்கறி, கறுப்பு பீர், சுருட்டுக்காரராக இருந்தால் சுருட்டு, எல்லாம் வைப்போம் என்றேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூப்பிடுவீர்களா, வேண்டுமென்றேவா என்று கேட்டாள். சாப்பிட்ட பிறகு போய்விடுவார்களா என்றும் கேட்டாள். அதை நான் யோசித்ததே இல்லை. போய்விடுவார்கள் என்றுதான் நினைக்கிறோம் என்றேன்.

என் அப்பா இறந்த செய்தி, மேட்டு வீடு ஒன்றில் ஒரு கிழவரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. அண்ணன்தான் கோலாலம்பூரிலிருந்து பேசினான். அப்பா ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக இருந்தார். காவல் கொட்டகை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். நான் கட்டைப் போட்டு முடித்தேன். கிழவருக்கு மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொன்னேன். படியிறங்கி வந்து, பாதையோரம் உட்கார்ந்து அழுதேன்.

போக முடியவில்லை. இன்னொரு புயல் வருகிறது என்று விமானங்களை நிறுத்திவிட்டார்கள். மூன்று விமானம் மாறிப் போக வேண்டிய ஊர். அப்பாவை அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது. காரியத்தைப் போனில் பார்த்தேன். படம் நின்று நின்று ஓடியது. அண்ணன் தோளில் குடம், அம்மாவின் முதுகு, அப்புறம் வெறும் கறுப்புத் திரை. சாம்பலை லூமுட் கடலில் கரைத்தார்கள். வானம் தெளிந்தபோது அண்ணன், இனி வந்து என்ன செய்யப் போற, வேலைய முடிச்சிட்டு வா என்றான். நானும் இருந்துவிட்டேன்.

என்னைக் கேட்காமலே கடைக்கார அம்மாள் என் அப்பாவுக்கு ஒன்பது இரவு நடத்தினாள். அவர் இந்த வீட்டைப் பார்த்ததே இல்லையே என்றேன். செத்தவர்கள் வீட்டைத் தேடுவதில்லை, பார்க்காமல் விட்டுப்போன பிள்ளையைத் தேடி வருவார்கள், உன் அப்பா இந்நேரம் இங்கேதான் இருப்பார் என்றாள். முகமே தெரியாத ஒரு தோட்டத்துத் தமிழருக்காக அந்த ஊர் ஒவ்வொரு சாயங்காலமும் பாடியது. மீனவர் ரம் கொண்டுவந்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தது, புகைக்கூடத்தில் வேலை பார்த்தது, தோட்டம் கைமாறி மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது வேலை போனது, அப்புறம் ஜாகா வேலை, எல்லாம் சொன்னேன். அவ்வளவு நேரம் அப்பாவைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

ஒன்பதாவது இரவு பாட்டு முடிந்து உள்ளே போய்ப் பார்த்தால் என் பின்னறை அடியோடு மாறியிருந்தது. கட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடந்தது. மேசை எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. பெட்டி கட்டிலடியிலிருந்து அலமாரி மேல் ஏறியிருந்தது. நான் எதையும் தொடவில்லை. செய்தி வந்த நாளிலிருந்து கண்ணை மூடாதவள், அன்றைக்கு அடித்துப்போட்டது போலத் தூங்கினேன். பலன் இருக்கிறது என்று தாதியாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஊர் திரும்பினேன். எங்கள் வீடு ஈப்போவுக்கு வெளியே, பழைய தோட்டத்தை ஒட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை. பின்னால் செம்பனை, அதற்கும் பின்னால் சுண்ணாம்புக் குன்று. அம்மா இளைத்திருந்தாள். குளியலறையில் ஒரு தரம் விழுந்து இடுப்பு அடிபட்டிருந்தது. மற்றபடி சமைத்தாள், துவைத்தாள், தாமான்காரர்களோடு வழக்கம்போலச் சண்டையும் போட்டாள். ஆனால் பள்ளிக்கூட வேன் திரும்பும் நேரத்துக்கு, முன்கூடத்தில் கேட்டைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பாசாருக்குக் காய் வாங்க வா என்றாலும் வரமாட்டாள். கோயிலுக்கும் வரமாட்டாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, என்னம்மா பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“அப்பா வாராரு லா,” என்றாள். “தபால்காரன் வாரான்” என்பதைப்போல.

நான் தொழில்காரி. குரலை மாற்றாமல் மெல்லக் கேட்டேன். ஜாகா உடுப்பில் வருகிறாராம். பேசுவதில்லை. வந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார். இறந்த கையோடு வரவில்லை. கருமாதி வரைக்கும் அம்மா எதிர்பார்த்துப் பார்த்து ஓய்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஒரு நாள் வந்தாராம். அம்மாவுக்கு இருந்த வருத்தமெல்லாம் ஒன்றுதான்.

“உள்ள வரமாட்டேங்குறாரு. சொந்த வீடுதானே, ஏன் அப்படி நிக்கணும்? யாரோ வெரட்டி விட்டவரு மாதிரி நிக்குறாரு.”

என் அளவுகோலின்படி அம்மாவுக்கு நோயில்லை. ஆனால் அண்ணன் அந்த மீனவர் வீட்டுப் படியில் உட்கார்ந்தவன் இல்லை. அவனுக்கு அவசரம். அம்மா தனியாக இருக்க முடியாது, மறுபடி விழுந்தால் யார் தூக்குவது. கோலாலம்பூரில் அறை தயார். வீட்டை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டது. அம்மா வரமாட்டேன் என்றாள். பூட்டிய கேட்டுக்கு அவர் வந்து நிற்பாரே என்றாள். அண்ணன் என்னிடம் போனில் எரிந்து விழுந்தான்.

“நீதானே அந்த வேலை பாத்தவ? ஊருக்கெல்லாம் செஞ்சல்ல, அம்மாவுக்கு ஏதாச்சும் செய்யி.”

எனக்கும் அவசரம் இருந்தது. வேறொரு தீவில் அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா இந்த வீட்டிலேயே இருந்தால் நானும் இங்கேயே இருந்தாக வேண்டும், அந்த வேலை போய்விடும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பொறாமையும் இருந்தது. அப்பாவின் கடைசி முகத்தைப் பார்க்காதவள் நான். தினமும் அதே முன்கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கேட்டைத்தான் பார்த்தேன். வெயில் தெரிந்தது. எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. அப்பா தெரியவில்லை. பார்க்கும் கொடுப்பினை எனக்கில்லை என்றால், அவர் நிம்மதியாகப் போய்விடட்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் கட்டில் ஞாபகம் வந்தது. மாத்திரையும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். அம்மாவின் கையாலேயே அறையை மாற்றி, விடை கொடுக்க வைத்தால், மனசு ஆறி அண்ணனோடு போய்விடுவாள். அந்தத் தீவில் எத்தனை பேருக்கு அது ஆறுதலாக இருந்தது என்று கண்ணால் பார்த்தவள். ஒரு நாள் காலை, அம்மா நெத்திலி தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் கடைக்கார அம்மாள் வீட்டை ஒதுக்கி வைத்த கதைக்கு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அப்பாவுக்கு அவர்கள் பாடியதைச் சொன்னேன். பார்க்காத பிள்ளையைத் தேடி வருவார்கள் என்று கடைக்கார அம்மாள் சொன்னதையும், ஒன்பதாவது நாள் என் கட்டிலைத் திருப்பிப் போட்டதையும் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது.

“அப்ப அவரு ஒங்கிட்டத்தான் வந்திருக்காரு,” என்றாள். “அதான் இங்க காணல.”

அவள் நெத்திலித் தட்டைக் கீழே வைத்தாள்.

“அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த மனுசன. நீ தூங்கிட்ட. அவங்க அனுப்பி விட்டுட்டாங்க.” விரலை முந்தானையில் துடைத்தாள். “அதான் உள்ள வரப் பயப்படுறாரு. அங்கயும் வெரட்டியாச்சு. இங்கயும் கட்டில திருப்பிப் போட்டா, அவரு எங்கதான் போவாரு?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் வந்தார் என்று நான் நம்பினேனா என்றால், அந்த நிமிஷத்தில் முழுசாக நம்பினேன். பார்த்தே இராத அந்த அறையில், ஜன்னலை அடைத்த கட்டிலில் வாயைப் பிளந்து தூங்கும் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் அப்பா நின்றதைக் கண்ணால் பார்த்ததுபோல இருந்தது.

அன்றைக்கே அண்ணனுக்குப் பேசினேன். அம்மா எங்கேயும் வரவில்லை, நான் இங்கேயே இருக்கிறேன், வீட்டுக்கு ஆள் பார்க்க வேண்டாம் என்றேன். உனக்கும் புத்தி கெட்டுவிட்டதா, தஞ்சோங் ரம்புத்தானில் ரெண்டு கட்டில் சொல்லி வைக்கட்டுமா என்றான். வை என்றேன். அடுத்த வேலைக்குக் கூப்பிட்டவர்களிடமும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது தாமான் கடைவீதியில் ஒரு கிளினிக்கில் காலை நேர வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அண்ணனோடு பேசிய அன்றைக்கே, சாயங்காலத்துக்கு முன்னால், வேன் போன பிறகு, அம்மா நாற்காலியில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

“வந்துட்டாரு. நீ போயி கேட்டத் தொற. நான் கூப்பிட்டா வரமாட்டேங்குறாரு. ஒன்னாலதான் போனாரு, நீ கூப்பிட்டா வருவாரு.”

செருப்புப் போடக்கூடத் தோன்றவில்லை. சிமெண்டு சுட்டது. எதிர்வீட்டு அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாளே என்று ஒரு கணம் கூசியது. கொண்டியைத் தூக்கிக் கேட்டை அகலமாகத் திறந்தேன். வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

“வாங்கப்பா,” என்றேன். மறுபடியும் சொன்னேன்.

ரோட்டில் ஒரு மோட்டார் போனது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் கண் கேட்டிலிருந்து கிளம்பி, மெதுவாக நகர்ந்து, என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா செத்த பிறகு அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

“உள்ள வந்துட்டாரு,” என்றாள். “ஒன் பக்கத்துலதான் நிக்குறாரு. ஒன்னையேதான் பாத்துக்கிட்டு இருக்காரு.”

அந்தப் பக்கம் திரும்பினேன். காய்ந்துகொண்டிருந்த மிளகாயும் சுவரும்தான் இருந்தன. இப்போது தினமும் வருகிறார். தினமும் நான்தான் கேட்டைத் திறக்கிறேன். உள்ளே வந்ததும் முதலில் என்னைத்தான் பார்க்கிறார் என்று அம்மா சொல்கிறாள். நான் இன்னும் அவரைப் பார்க்கவில்லை.